யூனுஸ் பாயின் இரண்டு விளக்குகள்

முதலில் கைக்கடிகாரம், அடுத்து வெள்ளி மோதிரம். இரண்டையும் கழற்றிக் கைக்குட்டையில் முடிந்து சட்டைப்பையில் போட்ட பிறகுதான் யூனுஸ் பாய் ஒரு காரின் பானெட்டைத் திறப்பார். தொழிலுக்கு வந்த புதிதில் பேட்டரி முனையில் ஸ்பேனரோடு கை மோதிரமும் பட்டு, கரண்டு பாய்ந்து பழுக்கக் காய்ந்துவிட்டது. அந்தத் தழும்பு இன்னும் விரலைச் சுற்றி வெளுத்துக் கிடக்கிறது. யாராவது கேட்டால், "கரண்டு போட்ட மோதிரம்" என்பார்.

விளாங்குடியில் திண்டுக்கல் ரோட்டை ஒட்டி ஒரு தகரக் கொட்டகை. அதுதான் அவர் பட்டறை. ஆட்டோ எலக்ட்ரீசியன். ஸ்டார்ட் ஆகாத கார், ஓடிக்கொண்டே இருக்கும்போது சட்டென்று செத்துப்போகிற கார், மழை பெய்தால் மட்டும் இருமுகிற கார் எல்லாம் அவரிடம் வரும். வருகிறவர்கள் பெரும்பாலும் நோயின் பெயரோடுதான் வருவார்கள். "பாய், காயில் போயிருச்சு, மாத்திருங்க." உடனே பாய் கையைத் தூக்கிவிடுவார்.

"எது போச்சுன்னு சொல்லாதீங்க. என்னா நடந்துச்சு, அத மட்டும் சொல்லுங்க."

வீட்டிலும் இதே கதைதான். மிக்ஸி ஓடவில்லை என்றால், அது ரிப்பேர் என்று சொல்ல அவர் மனைவி நிலோபருக்கு அனுமதி கிடையாது. ஸ்விட்சைப் போட்டபோது சத்தம் வந்ததா, வாடை வந்ததா, அரைத்தது தேங்காயா மிளகாயா என்று வரிசையாகச் சொல்ல வேண்டும். "போலீஸ் ஸ்டேஷன்ல கூட இம்புட்டு கேக்க மாட்டாங்க" என்று நிலோபர் சலித்துக்கொள்வார்.

ஒரு பாகம் கெட்டது என்று கண்ணால் பார்க்காமல் அதை மாற்ற மாட்டார். எந்த சிலிண்டரில் பொறி விழவில்லை என்று ஒவ்வொரு பிளக்காகப் பார்ப்பார். அந்தப் பொறிக்குக் கரண்டை ஏற்றித் தரும் காயிலுக்குக் கரண்டு வருகிறதா என்று டெஸ்ட் லாம்பை வைப்பார். விளக்கு எரியும்போது பேச மாட்டார், பிறரையும் பேச விடமாட்டார்.

போன ஆடி மாதம் ஐரின் டீச்சர் வந்தார். திருமங்கலத்தில் ஒரு பள்ளியில் வேதியியல் ஆசிரியை. நாற்பத்தேழாவது வயதில் கார் ஓட்டக் கற்றுக்கொண்டவர். விளாங்குடியிலிருந்து தினமும் தானே ஓட்டிப் போய் வருகிறார். அந்த கார் இரண்டு மாதமாக நடுவழியில் செத்துக்கொண்டிருந்தது. மூன்று பட்டறைகள் பார்த்தாயிற்று. காயில், பிளக், பெட்ரோல் பம்பு மூன்றும் மாற்றியாயிற்று. இதில் வேடிக்கை, அவர் கணவர் மெர்வின் ஓட்டினால் ஒன்றும் ஆவதில்லை.

"என்னா நடந்துச்சு, சொல்லுங்க டீச்சர்."

"போன வாரம் நாலு வழிச் சாலையில அப்படியே ஆஃப் ஆயிருச்சு பாய். ஸ்டியரிங் கல்லு மாதிரி ஆயிருச்சு. பின்னால வந்த லாரி பிரேக் அடிச்ச சத்தம் இன்னும் காதுலயே இருக்கு." பிறகு சொன்னார்: "எனக்கு கிளட்ச் விடத் தெரியலைன்னு அவர் சொல்றாரு. ஞாயித்துக்கிழமை வண்டியப் பாக்க ஆள் வருது. வித்துட்டா பழையபடி ரெண்டு பஸ் மாறிப் போகணும்."

சாவியைக் கொடுத்துவிட்டுப் போனார். பாய் மூன்று நாள் ஓட்டிப் பார்த்தார். சமயநல்லூர் வரை போனார், அலங்காநல்லூர் போய்த் திரும்பினார். கார் ஒரு தடவைகூடச் சாகவில்லை. வேறு யாராக இருந்தாலும் வண்டியில் ஒன்றும் இல்லை என்று கொடுத்தனுப்பியிருப்பார்கள். பாய்க்கு மனசு ஒப்பவில்லை. அந்த அம்மாள் லாரியின் சத்தத்தைச் சொன்னபோது தன் கையைக் கழுத்துக்குக் கொண்டுபோனதைப் பாய் பார்த்திருந்தார். போன் போட்டார்.

"எனக்குச் சாகலை டீச்சர். அதனால உங்களுக்கும் சாகலைன்னு ஆயிராது. நாளைக்கு ஸ்கூலுக்குப் போகையில நானும் வாரேன். தினம் எப்படிப் போவீங்களோ அப்படியே வாங்க. அதே செருப்பு, அதே பை, அதே வேகம். எதையும் மாத்தாதீங்க."

மறுநாள் காலை டேஷ்போர்டின் மேல் இரண்டு சின்ன பல்புகளை டேப் போட்டு ஒட்டினார். பேட்டரியிலிருந்து சாவித்துளை வரை வரும் கரண்டுக்கு இடது பல்பு. சாவித்துளையைத் தாண்டிக் காயிலுக்குப் போகும் கரண்டுக்கு வலது பல்பு. "நீங்க ரோட்டப் பாருங்க. நான் வெளக்கப் பாக்குறேன்" என்று பக்கத்தில் உட்கார்ந்தார்.

நான்கு வழிச் சாலையில் ஏறினார்கள். இரண்டு பல்பும் எரிந்தன. சுங்கச்சாவடிக்கு முன்னால் வரிசையாக வரும் சின்ன வேகத்தடைகளில் கார் தடதடவென்று ஏறி இறங்கியது. வலது பல்பு அணைந்தது. இன்ஜின் நின்றது. இடது பல்பு மட்டும் எரிந்துகொண்டிருந்தது.

ஐரின் டீச்சர் பதறிச் சாவியைத் திருப்பப் போனார். "தொடாதீங்க" என்றார் பாய். கார் உருண்டு ஓரத்தில் நின்றது. அவர் சாவித்துளையைக் குனிந்து பார்த்தார். கார் சாவியோடு ஒரு பெரிய கொத்து தொங்கி ஆடிக்கொண்டிருந்தது. ஆய்வகம், ஸ்டோர் ரூம், நாலு பீரோ, வீட்டு கேட் என்று பதினோரு சாவிகள், கூடவே ஒரு பித்தளை மணி.

"இது அன்னைக்கு எங்கிட்டக் குடுத்த சாவியில இல்லையே?"

"வண்டிய யார்கிட்டக் குடுத்தாலும் ஸ்கூல் சாவியக் கழட்டிட்டுத்தான் குடுப்பேன் பாய். வீட்டுக்காரர்கிட்ட தனிச் சாவி இருக்கு."

பாய் வெகுநேரம் சிரித்தார். பிறகு அந்தக் கொத்தை உள்ளங்கையில் தாங்கிப் பிடித்தார். வலது பல்பு எரிந்தது. கையை எடுத்து ஒரு ஆட்டு ஆட்டினார். அணைந்தது.

"சாவித்துளைக்குள்ள இருக்குறது தேஞ்ச ஸ்விட்ச்சு. இம்புட்டு கனம் இழுத்தா உள்ள காண்டாக்ட் விட்டுப்போகுது. கிளட்ச்சுல செத்தா ரெண்டு பல்பும் எரியணும். உங்க காலு மேல தப்பே இல்ல டீச்சர்."

ஐரின் டீச்சர் கார் சாவியிலிருந்து அந்தக் கொத்தைக் கழற்றிப் பையில் போட்டார். பிறகு மூக்கை உறிஞ்சிக்கொண்டு, முதல் பீரியடுக்கு நேரமாகிவிட்டது என்றார்.

சனிக்கிழமை மெர்வினும் கூட வந்தார். வங்கியில் வேலை பார்ப்பவர், எதையும் சட்டென்று ஒப்புக்கொள்ளாதவர். "சாவிக்கொத்துல வண்டி நிக்குமா? அவளுக்காகச் சும்மா சொல்லாதீங்க பாய்."

பாய் வாதாடவில்லை. பதினோரு சாவிகளோடு கார் சாவியை நீட்டினார். "மேடு பள்ளமாப் பாத்து ஒரு ரவுண்டு போயிட்டு வாங்க சார்."

கால் மணி நேரம் கழித்து மெர்வின் வந்து சேர்ந்தார். சட்டை முதுகோடு ஒட்டியிருந்தது. "ரெண்டு தடவை நின்னுருச்சு" என்றார், மனைவியைப் பார்க்காமல். பிறகு பார்த்தார். "நாலு வழிச் சாலையிலயா இப்படி ஆச்சு உனக்கு?"

"அதத்தான ரெண்டு மாசமாச் சொல்லிக்கிட்டிருக்கேன்."

மெர்வின் போனை எடுத்துக்கொண்டு வெளியே போனார். வண்டி விற்பனைக்கு இல்லை என்று யாரிடமோ சொல்லுவது உள்ளே கேட்டது.

புது ஸ்விட்சைப் பூட்டினார் பாய். கழற்றியதைப் பிரித்து, தேய்ந்து கருகிய செப்புத் தகட்டை ஐரின் டீச்சரிடம் காட்டினார். வேதியியல் டீச்சர் ஜன்னல் வெளிச்சத்தில் வைத்து அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். மெர்வின் தானாகவே போய் இடதுபக்க இருக்கையில் உட்கார்ந்துகொண்டார்.

பட்டறையிலிருந்து காரை ரோட்டில் ஏற்றுவது சிரமம். திண்டுக்கல் பஸ்கள் எல்லாம் பறந்துகொண்டிருந்தன. யூனுஸ் பாய் கையைத் துடைத்துக்கொண்டு நேரே ரோட்டில் இறங்கி, வலது கையை உயரத் தூக்கினார். ஒரு டவுன் பஸ் அவருக்கு நாலடி முன்னால் வந்து நின்றது. காருக்குள் ஐரின் டீச்சர், கணவர் பின்னுக்குத் தள்ளி வைத்திருந்த சீட்டை முன்னால் இழுத்தார். கண்ணாடியைத் தனக்குத் தோதாகத் திருப்பினார். பெல்ட்டை மாட்டி, சரியாக மாட்டிவிட்டதா என்று இழுத்தும் பார்த்தார். பஸ்காரர் விடாமல் ஹாரன் அடித்தார். பின்னால் ஒரு லாரியும் சேர்ந்துகொண்டது. பாய் திரும்பிப் பார்க்கவில்லை. தூக்கிய கையை இறக்கவும் இல்லை.