முந்நூறு பேரில் ஒருத்தர்

கார் பெயிண்டருக்கு வருஷக்கணக்காய்ப் பெயிண்ட் புகையைக் குடித்து நுரையீரல் கெட்டிருந்தது. தையல்கடை மாடியில் நடந்த மூச்சுப் பயிற்சிக்குப் போய்வந்தார். மொத்தமே ஐந்து பேர். அவருக்கு இழுப்பு வருமுன்பே டீச்சரம்மா கண்டுபிடித்து, முதுகில் கைவைத்து, "அண்ணே, அடக்க வேணாம், மெதுவா விடுங்க" என்பார். கூடப் பிறந்தவர்கள்கூட அவரை அப்படிக் கவனித்ததில்லை.

பேர் பரவியதும் வகுப்பு பெரிய மண்டபத்துக்கு மாறியது. முந்நூறு பேர். டீச்சரம்மா மேடையில் மைக்கோடு நின்றார்.

"நல்லா இழுத்து அடக்குங்க."

மூன்றாம் சுற்றில் பெயிண்டருக்கு நெஞ்சை அடைத்தது. பாயிலேயே சரிந்தார். பக்கத்திலிருந்தவர் கண்ணைத் திறக்கவில்லை.

"அங்க ஒருத்தர் எவ்வளவு ஆழமா போயிட்டாரு பாருங்க" என்று டீச்சரம்மாவின் குரல் மைக்கில் பெருமையாகக் கேட்டது.

மூச்சு சீராகக் கால்மணி நேரம் ஆனது. எழுந்து வீட்டுக்கு நடந்தார்.

"ஏன் முகம் இப்படியிருக்கு?" என்றாள் மனைவி.

"டீச்சருக்கு என்னை அடையாளம் தெரியல" என்றார். நெஞ்சு அடைத்ததைச் சொல்லவில்லை.