எட்டாவது கல்

என் அக்காவுக்கு ரோடு கூட்டும் வேலை. பெட்ரோல் பங்கிலிருந்து பாலம் வரைக்கும் நான்கு கிலோமீட்டர். அந்த வழியில் இருக்கிற எட்டு நினைவுக் கற்களைத் துடைத்து வைப்பதும் அவள் பொறுப்பு. முதல் கல்லில், போருக்குப் போன ஒரு தளபதி இங்கே தன் குதிரைக்குத் தண்ணீர் காட்டினான் என்று எழுதியிருக்கும். எட்டாவது கல் பாலத்தின் ஓரம். இருபத்திரண்டு வருஷத்துக்கு முன் அங்கே ஒரு பஸ் ஆற்றில் விழுந்தது. செத்த முப்பத்தொரு பயணிகளின் பெயரும் அதில் உண்டு. முப்பத்திரண்டாவதாகச் செத்தவர் என் அத்தான். பஸ்ஸை ஓட்டியவர் அவர்தான்.

குதிரை தண்ணீர் குடித்ததற்கெல்லாம் கல் நடுகிறவர்கள், செத்த மனுஷனுக்கு அரை வரி இடம் தரவில்லை. எனக்கு வாய் கொஞ்சம் நீளம்தான்; ஆனால் நீங்களே சொல்லுங்கள், இது அடுக்குமா? பிரேக் பிடிக்கவில்லை என்று விசாரணையில் வந்தது. அது வரவே மூன்று வருஷம். அதற்குள் குடித்துவிட்டு ஓட்டினான் என்று ஊர் முடிவு கட்டி, கல்லையும் நட்டுவிட்டது. அத்தானுக்கு இருமல் மருந்து குடித்தாலே தலை சுற்றும். மற்ற எல்லோருடைய உடலும் கிடைத்தது. அவருடையது கிடைக்கவில்லை.

இந்த ரோட்டை அக்கா கேட்டு வாங்கிக்கொண்டாள். வெளியூர்க்காரி, அவள் யார் என்று இங்கே ஒருவருக்கும் தெரியாது. வருஷா வருஷம் அந்த நாளில் இறந்தவர்களின் வீட்டார் பூவோடு வருவார்கள். அக்காவும் துடைப்பத்தைச் சாத்திவிட்டு, அவர்களோடு நின்று அழுவாள். மகளைப் பறிகொடுத்த டீச்சரம்மா ஒருவர் பிளாஸ்க்கிலிருந்து அவளுக்கு டீ ஊற்றித் தருவார்.

"யாரோ பெத்த பிள்ளைங்களுக்காக இப்படி அழறியேம்மா, நீ நல்லா இருக்கணும்" என்பார். அடுத்த மூச்சிலேயே, "அந்தப் பாவி டிரைவருக்கு நரகத்துலகூட இடம் கிடைக்கக் கூடாது" என்பார். அக்கா டீயைக் குடித்துக்கொண்டே தலையாட்டுவாள்.

போன வருஷம் ரோட்டை அகலப்படுத்த வந்த ஜேசிபி, எட்டாவது கல்லை நொறுக்கிவிட்டது. புதுக் கல் வெட்ட வேண்டும். பழைய பட்டியல் ஆபீஸில் இல்லை. பெயர்கள் எல்லாம் அக்காவுக்கு மனப்பாடம் என்று இன்ஜினீயர் அவளையே கல்வெட்டுக்காரரிடம் அனுப்பினார். நானும் ஒட்டிக்கொண்டேன்.

"அக்கா, முப்பத்திரண்டா சொல்லிடு. தெய்வமா பார்த்துக் குடுத்த சந்தர்ப்பம், விட்டுடாதே" என்று பஸ்ஸில் வழி நெடுக ஓதினேன். அவள் ஜன்னல் பக்கமே பார்த்துக்கொண்டு வந்தாள்.

பட்டறை முழுக்கக் கல் தூசி. அக்கா ஒவ்வொரு பெயராகச் சொல்ல, கல்வெட்டுக்காரர் நோட்டில் பென்சிலால் எழுதிக்கொண்டார். முப்பத்தொன்று ஆனதும் நிமிர்ந்தார்.

"அவ்வளவுதானாம்மா? வெட்டினப்புறம் என்னைக் குத்தம் சொல்லக் கூடாது."

அக்காவின் உதடு அசைந்தது. நான் வாயைத் திறந்தேன்; என் மணிக்கட்டை இறுக்கிப் பிடித்துக்கொண்டாள்.

"அவ்வளவுதாங்க" என்றாள்.

பஸ் ஸ்டாப்பில் அவளைப் பிடி பிடி என்று பிடித்தேன். "உனக்கென்ன பைத்தியமா? கைக்கு எட்டினது வாய்க்கு எட்டலைம்பாங்க. நீ வாய் வரைக்கும் வந்ததைத் துப்பிட்டு வர்றியே!"

"பேரு இருந்தா, யாரு சொல்லி ஏத்தினதுன்னு கேப்பாங்கடி. நான் யாருன்னு தெரிஞ்சுடும். அப்புறம் என்னை அங்க நின்னு அழ விடுவாங்களா? அவருக்காக அழ எனக்கு வேற இடம் ஏது? கூட அழ வேற யாரு இருக்கா?"

"ஏன், நான் இல்லையா?"

"நீ சண்டைதானே போடுவே."

எனக்குச் சுருக்கென்றது. உண்மைதான். இத்தனை வருஷமும் ஊரைத் திட்டினேனே தவிர, அவளோடு உட்கார்ந்து ஒரு நாள்கூட அழுததில்லை.

இந்த வருஷம் நானும் பாலத்துக்குப் போனேன். டீச்சரம்மா எனக்கும் டீ ஊற்றினார். வழக்கம்போல டிரைவரையும் சபித்தார். நாக்கின் நுனி வரை வந்ததை டீயோடு சேர்த்து விழுங்கினேன். பிறகு அழுகையை அடக்க முடியவில்லை.

"தங்கச்சிக்கும் உன்னை மாதிரியே இளகின மனசு" என்றார் அவர் அக்காவிடம்.

எல்லோரும் போன பிறகு அக்கா துணியை நனைத்துக் கல்லைத் துடைத்தாள். பெயர்கள் இரண்டு வரிசை. ஒன்றில் பதினாறு, மற்றதில் பதினைந்து. கடைசியில் ஒரு பெயர் அளவுக்கு வெற்றிடம். அக்கா அதையும் துடைத்தாள்.