டிக் அக்கா

கண்ணை மூடிக்கொள்கிறார். வியர்த்த கை போல இருக்கட்டும் என்று ஈரத் துணியில் விரல்களைத் தேய்த்துக்கொள்கிறார். இடது கையால் ஒயர் நுனியிலுள்ள கனெக்டரைத் தடவி எடுத்துச் சாக்கெட்டில் சொருகிவிட்டுக் காதைச் சாய்க்கிறார். உள்ளேயிருந்து 'டிக்' என்று கேட்டால் வலது கைச் சுண்டுவிரல் தானாக உயரும். கேட்கவில்லையென்றால் விரல் எழும்பாது. அந்தக் கனெக்டர் மேசைக்கு அடியிலிருக்கும் பிஸ்கட் டின்னில் போய் விழும். "உள்ள வந்துட்டேன்னு அது வாயைத் திறந்து சொல்லணும்ப்பா. கம்முனு உக்காந்திருந்தா நான் எப்படி நம்புறது?"

பேருந்து நடத்துநர்கள் கையில் வைத்திருக்கிற டிக்கெட் மெஷினை வடிவமைத்துத் தயாரிக்கும் சிறிய நிறுவனம் அது. அங்கே அவருக்கு டிக் அக்கா என்றே பெயர் விழுந்துவிட்டது. நாற்பத்திரண்டு வயது. மூக்குக்கண்ணாடி எப்போதும் நெற்றியில்தான். சொருகிப் பார்க்கக் கண் தேவையில்லை என்பது அவர் கட்சி. மற்ற இன்ஜினியர்கள் திரை, சாஃப்ட்வேர் என்று பெரிய சங்கதிகளைக் கட்டிக்கொண்டு அழ, ஒயர் எங்கே நுழைகிறது, எங்கே கழல்கிறது என்பதை மட்டும் இவர் பிடித்துக்கொண்டிருக்கிறார்.

சார்ஜ் ஏற்றும் துளைக்காக மூன்று நாள் பேருந்திலேயே போய்வந்தார். நடத்துநர் ஒரு கையில் மெஷினும், முழங்கைக்குள் கம்பியுமாக ஆடிக்கொண்டே கட்டைவிரலால் துளையைத் தடவி சார்ஜர் ஒயரைச் சொருகினார். எது மேல், எது கீழ் என்று குனிந்து பார்க்க அவருக்கு ஏது நேரம்? எப்படித் திருப்பினாலும் நுழைகிற கனெக்டர் அன்றைக்கே முடிவானது. "கழட்டும்போது ஒருத்தரும் தலையைப் பிடிக்க மாட்டாங்க. வாலைப் பிடிச்சுத்தான் இழுப்பாங்க" என்று சொல்லி, சாக்கெட்டின் கால்கள் போர்டைத் துளைத்து மறுபக்கம் போய் ஈயத்தில் இறுக வேண்டும் என்று அடம்பிடித்தார். பிறகு மெஷினை அதன் ஒயரிலேயே தொங்கவிட்டு ஊஞ்சல் ஆட்டினார்.

வீட்டிலும் இதே கூத்துதான். "எங்க வீட்டுக்கு வர்ற சார்ஜர் எல்லாம் பரீட்சை எழுதி பாஸ் பண்ணித்தான் உள்ள வரும். எழுதாம வந்தவன் நான் ஒருத்தன்தான்" என்பார் கணவர்.

"யார் சொன்னா? நீங்க மூணு அரியர் வச்சு பாஸ் ஆனவரு" என்பார் இவர்.

இந்தச் சிரிப்பு போன மாடலைப் பற்றிப் பேச்செடுத்தால் மட்டும் நின்றுவிடும். அதில் பேட்டரி ஒயருக்கும் அச்சடிக்கிற மோட்டாரின் ஒயருக்கும் ஒரே மாதிரி வெள்ளைக் கனெக்டரை அவர்தான் போட்டிருந்தார். ஒரு நாள் இரண்டும் இடம் மாறி, ஆறு மெஷின்கள் புகைந்துபோயின. மாட்டியவர் சித்தி. மெஷின்களைப் பூட்டுகிற அந்தக் கூடத்தில் எல்லோருக்குமே அவர் சித்திதான். பதினொரு வருடமாகக் கை பிசகாதவர். "கவனம் பத்தலை" என்று மேனேஜர் அவரைப் பெட்டிக்கு டேப் ஒட்டுகிற பக்கம் தள்ளிவிட்டார். "தப்பு என்னுது சார். ரெண்டு வாயையும் ஒரே மாதிரி வச்சது நான்" என்று டிக் அக்கா அன்றே போய் நின்றார். "நீங்க பெருந்தன்மையா பேசுறீங்க" என்று மேனேஜர் அனுப்பிவிட்டார்.

புது மாடலின் வரைபடம் முடிவாகிற நாள் வந்தது. அதில் இரண்டு ஒயருக்கும் வேறுவேறு கனெக்டர் போட்டிருந்தார் டிக் அக்கா. ஒரே கனெக்டர் என்றால் ஒரே டப்பா, தேடுகிற வேலை மிச்சம் என்றார் ஸ்டோர்காரர். கவனமாக மாட்டினால் போச்சு என்றார் மேனேஜர். டிக் அக்கா பழைய மாடல் போர்டுகள் பத்தை மேசையில் அடுக்கினார். எதுவும் புகையாதபடி, தப்பாக மாட்டினால் சிவப்பு விளக்கு மட்டும் எரிகிற மாதிரி செய்து வைத்திருந்தார்.

"சார், நீங்களே மாட்டுங்க. பத்தே பத்து."

"இதென்ன பிரமாதம்!" மேனேஜர் சட்டைக் கையை மடித்துவிட்டு உட்கார்ந்தார். ஆறு போர்டு விறுவிறுவென்று முடிந்தது.

"பொண்ணு நீச்சல் போட்டியில ஜெயிச்சாளாமே சார்?"

"அதையேன் கேக்குறீங்க! கடைசித் திருப்பம் வரைக்கும் மூணாவதா வந்தவ, திடீர்னு பாருங்க..." மேனேஜரின் முகம் மலர்ந்தது. ஏழாவது போர்டில் சிவப்பு விளக்கும் மலர்ந்தது.

ஸ்டோர்காரர்தான் முதலில் சிரித்தார். "சார், இனி நீங்களும் டேப் ஒட்டத்தான் போகணும்!"

விளக்கையே பார்த்துக்கொண்டிருந்த மேனேஜருக்கும் சிரிப்பு பீறிட்டது. "என் பொண்ணைப் பத்திக் கேட்டா நான் என்னம்மா பண்ணுவேன்?"

"சித்திக்கும் பொண்ணு இருக்கு சார்."

மேனேஜர் மடித்த கையை இறக்கிவிட்டுக்கொண்டார். வரைபடத்தில் கையெழுத்துப் போட்டுவிட்டு, யாரையும் அனுப்பாமல், தானே டேப் ஒட்டுகிற பக்கம் நடந்துபோனார்.

மறுநாள் காலை சித்தி பழைய மேசையில் இருந்தார். முன்னால் புது மாடலின் மாதிரி போர்டு. பேட்டரிக்கு மூன்று பின், முதுகில் ஒரு சின்ன மேடு வைத்த கனெக்டர். மோட்டாருக்கு இரண்டே பின். சித்தி பேட்டரி ஒயரை எடுத்து, வேண்டுமென்றே மோட்டாரின் வாயில் வைத்து அழுத்தினார். போகவில்லை. திருப்பி வைத்து, உதட்டைக் கடித்துக்கொண்டு இன்னும் அழுத்தினார்.

"அடி கழுதை, எவ்வளவு வீம்பு பாரு!" கனெக்டரைச் செல்லமாக வைதுவிட்டு, அதை அதன் இடத்திலேயே சொருகினார்.

கூடத்தின் மறுகோடியில், முதுகைக் காட்டி உட்கார்ந்திருந்த டிக் அக்காவின் சுண்டுவிரல் உயர்ந்தது.