சரசு அக்கா நேர்ந்துவிட்ட சேவல்

போன மாதம் ஒரு வெள்ளிக்கிழமை நான் பள்ளி முடிந்து வந்தபோது, வேலைக்குப் போயிருக்க வேண்டிய அப்பா ஈப்போ புந்தோங்கில் உள்ள எங்கள் வீட்டு வாசலில் நின்றிருந்தார். "சரசு அக்கா போயிட்டாங்கம்மா. காலையில பண்ணையிலயே நெஞ்சு வலி" என்றார். என் வாயில் முதலில் வந்தது, "அவங்க வீட்டுல இருக்கிற நம்ம குஞ்சுங்களுக்கு யாருப்பா தண்ணி வச்சாங்க?" என்ற கேள்விதான். பிறகு அதற்காக வெட்கப்பட்டேன். ஆனால் அக்காவும் அதைத்தான் முதலில் கேட்டிருப்பார்.

பத்து காஜா நகருக்குப் பக்கத்தில் இருந்த பழைய ரப்பர் தோட்டத்தில் அவரோடு வாழ்ந்த உங்களுக்கு நான் அவரை அறிமுகப்படுத்த வேண்டியதில்லை. கோழிப்பண்ணையில் நெடுநாள் வேலை பார்த்தவர். என் அம்மா வயதுதான்; ஆனாலும் சிறியவர் பெரியவர் எல்லாருக்கும் அவர் அக்கா. உங்களில் பலருக்குத் தெரியாத ஒரு நாளைப் பற்றி எழுதுகிறேன்.

நான் நான்காம் படிவ மாணவி. முருங்கைக் கீரை கலந்த தீவனம் கோழிகளை நன்றாக வளர்க்குமா என்று சோதித்துப் பார்க்க விரும்பினேன். ஈப்போவில் நடக்கவிருந்த கோழி ஆராய்ச்சி மாநாட்டில் பள்ளி மாணவர்களுக்கும் ஒரு போட்டி வைத்திருந்தார்கள். முதல் பரிசு பெறுபவர் விடுமுறையில் ஓர் ஆய்வுக்கூடத்தில் வேலை பழகலாம். அதற்காகவே ஏங்கினேன். எங்கள் வீட்டில் இடம் இல்லாததால் அக்கா தம் வீட்டுப் பின்புறம் இரண்டு கூண்டுகள் கொடுத்தார். ஒன்றுக்குச் சாதாரணத் தீவனம், இன்னொன்றுக்கு முருங்கை கலந்தது. சனிக்கிழமைதோறும் அப்பாவின் மோட்டார் சைக்கிளில் போய் எடை பார்ப்பேன். கோழி துள்ளினால் அக்கா அதைத் திட்டுவார்: "சும்மா இருடா. பாப்பா உன்னைப் பத்திதான் பெரிய பெரிய டாக்டருங்ககிட்ட பேசப் போகுது. மானத்த வாங்காத."

முருங்கைக் கூண்டு வாரத்துக்கு வாரம் முந்தியது. எனக்குத் தலைகால் புரியவில்லை.

மாநாட்டு நாளன்று அக்கா லீவு போட்டு, பட்டுச் சேலை கட்டி வந்தார். ஹோட்டல் மண்டபத்தின் குளிரில் முந்தானையைப் போர்த்திக்கொண்டு சுற்றிப் பார்த்தார். "இத்தன பேரும் கோழியப் பத்திப் பேசவா வந்திருக்காங்க? எங்கள வேல வாங்குற மண்டோர்கிட்ட சொன்னா நம்ப மாட்டான்லா." மதியச் சாப்பாட்டில் பொரித்த கோழியைக் கண்டதும் என் காதருகே குனிந்து, "கடைசியில இவங்களும் இதத்தான் செய்றாங்க" என்றார்.

பிற்பகலில் நடுவராக வந்த பேராசிரியையும் தமிழர்தான்; என் ஆய்வை எழுதி ஒட்டியிருந்த அட்டையைப் பொறுமையாகப் படித்தார். "தீவனத்தைத் தவிர வேற ஏதாவது குடுத்தீங்களா?" என்று கேட்டார்.

"இல்லை, டாக்டர்."

"ஐயோ, நான் சோறு போட்டேனே!" என்றார் பின்னால் நின்ற அக்கா.

பேராசிரியை திரும்பினார். அக்கா ஒளிக்காமல் சொன்னார். "முருங்கைக் கூண்டுல இருந்த செவப்புச் சேவல முனியாண்டிக்கு நேர்ந்துவிட்டேங்க. சாமிக்கு விட்டது பசியில கெடக்கலாமா? தெனமும் காலையில ஒரு கை சோறு வைப்பேன். அவனுக்கு மட்டும் வச்சா மத்ததுங்க சும்மா இருக்குமா? எல்லாம் ஓடி வரும்."

"எதுக்காக நேர்ந்தீங்க?"

"பாப்பா இங்க வந்து பயப்படாம பேசணும்னுதான்."

ஒரு கை சோறுதானே என்று சமாளித்திருக்கலாம். அந்த எண்ணம் வரவும் செய்தது. பேராசிரியை காத்திருந்தார். "அப்படின்னா என் முடிவை நம்ப முடியாது, டாக்டர். முருங்கையா சோறான்னு எனக்கே தெரியல. மறுபடியும் செய்யணும்" என்றேன். மார்க்கர் வாங்கி, முடிவு என்று எழுதியிருந்த வரிகளை அடித்தேன். பரிசு வேறொரு பள்ளிக்குப் போனது.

திரும்பும் பஸ்ஸில் சன்னலைப் பார்த்தபடியே கேட்டேன்: "ஏன்க்கா அங்க சொன்னீங்க? வீட்டுக்கு வந்து சொல்லியிருக்கலாம்ல?"

"அந்தம்மா அங்கதானே கேட்டாங்க" என்றார். பிறகு கோபமே இல்லாமல், "நீ ஏன் பாப்பா என்கிட்ட கேக்கவே இல்ல?" என்றார்.

எடை எடையாக எழுதினேனே தவிர, அந்தக் கோழிகளைத் தினமும் பார்த்தவரிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை.

அடுத்த வாரம் அக்கா சேவலை முனியாண்டி கோயிலில் கொண்டுபோய் விட்டார். "பரிசுதான் கெடைக்கலையேக்கா, இன்னும் எதுக்கு?" என்றேன். "பரிசுக்கா நேர்ந்தேன்? அதான் பேசிட்டல்ல" என்று சொல்லிவிட்டுக் கைகழுவப் போனார்.

அக்கா இறப்பதற்கு இரண்டு வாரம் முன்புதான், சோதனையை மறுபடி செய்ய, புதுக் குஞ்சுகளை இருவரும் சேர்ந்து வாங்கினோம். காரியம் முடிந்ததும் அப்பா எங்கள் வீட்டுப் பின்கட்டில் இருந்த சாமான்களை ஒதுக்கி, அக்கா வீட்டிலிருந்து கொண்டுவந்த கூண்டுகளுக்கு இடம் செய்தார். அக்காவிடமிருந்து நான் வைத்துக்கொண்டது, பஸ்ஸில் அவர் கேட்ட அந்தக் கேள்வி. இப்போது தினமும் பள்ளிக்குக் கிளம்புமுன் வீட்டில் ஒவ்வொருவரையும் கேட்கிறேன்: "யாராச்சும் ஏதாச்சும் போட்டீங்களா?"

நேற்று அப்பா தயங்கினார். "அரை இட்லி போட்டேன்மா. பாவமா பாத்துச்சு."

"எந்தக் கூண்டுலப்பா?" என்று கேட்டு, எழுதிக்கொண்டேன்.