டிரெய்லருக்கு முன்னால் ஒரு பீங்கான் யானை

வீடியோ கேம் கடையில் நிஜமாக விற்பது கேம் இல்லை, அதோட டிரெய்லர். டிரெய்லரைப் பார்த்து ஆசைப்பட்டு வாங்கி, வூட்டுக்குப் போய் நொந்துபோன என் சக ஏமாளிகளே! நம்ம எல்லாரையும்விடப் பெரிய ஏமாளி ஒருத்தன் கதை என்கிட்ட இருக்குது. விழுந்து விழுந்து சிரிப்பீங்க. ஆனா இப்ப சொல்ல மாட்டேன். முதலில் கடைக்கு வாங்க.

யானை நிற்கும் இடம்

பிளஸ் டூ பரீட்சை முடிந்த லீவில், விருத்தாசலம் பஸ் ஸ்டாண்டு பக்கம் செல்வம் அண்ணனின் கேம் கடையில் வேலைக்குச் சேர்ந்தேன். அண்ணன் ஒரு டிரெய்லரில் மயங்கி, அந்த ஒரே கேமைப் பெட்டி நிறைய இறக்கி வைத்திருந்தார். டிரெய்லரில் டிராகன் கோட்டையைக் கொளுத்தும். கேமில் அது முதல் ரெண்டு நிமிஷம் தலையைக் காட்டிவிட்டுப் பறந்துபோகும். அப்புறம் முழுக்க வெங்காயம் நட்டுத் தண்ணி பாய்ச்சணும். டிரெய்லரின் அடியில் எறும்பு சைஸில் இங்கிலீஷில் ஒரு வரி வரும்: ‘இது விளையாட்டுக் காட்சி அல்ல.’ அதாவது, இங்கே பார்க்கிறது எதுவும் கேமில் வராது.

“இந்தப் பெட்டியைக் காலி பண்ணுடா. அந்தப் பழைய கேம் மெஷினு உனக்குத்தான்” என்றார் அண்ணன், ஷோகேஸைக் காட்டி. தினமும் சாயங்காலம் அதன் மேலிருக்கும் டிவியில் கார் ரேஸ் பறக்கும். தொட மட்டும் விடமாட்டார். “உனக்குத்தானே, அப்புறமா ஆடிக்க.” எனக்கே எனக்கென்று ஒரு மெஷின்! அதற்காக நான் எதையும் விற்பேன்.

கடை வாசலில் இருந்த பெரிய டிவிக்கு முன்னால், எறும்பு எழுத்தை மறைக்கிற மாதிரி, நம்ம ஊர்ப் பட்டறையில் செய்யும் பீங்கான் யானை ஒன்றை நிறுத்தினேன். சவுண்டைக் குறைத்துவிட்டு, அடித்தொண்டையில் நானே குரல் கொடுத்தேன்: “ஒரு கோட்டை... ஒரு நெருப்பு... ஒரே ஒரு வீரன்!” கூடவே டிராகன் உறுமலும். பக்கத்து டீக்கடை மாஸ்டர் எட்டிப் பார்த்துக் கேட்டார்: “யாருக்குடா அங்க இழுப்பு வந்திருக்குது?”

நல்லூர் வீரன்

முதலில் விழுந்தவர் நல்லூர் காலேஜ் அண்ணன் ஒருத்தர். ரெண்டே நாளில் டிஸ்க்கோடு வந்துட்டார்.

“டிராகன் எங்கப்பா?”

“வரும்ண்ணே, பொறுமையா ஆடுங்க.”

“மூணு அறுவடை முடிச்சுட்டேன். இன்னும் வரலை.”

சீல் உடைத்தால் திரும்ப எடுக்க மாட்டோம் என்று செல்வம் அண்ணன் குரலிலேயே சொன்னேன். அவர் டிஸ்க்கைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். “எங்க அப்பா தெனம் களை எடுக்கக் கூப்புடறாரு, நான் கொல்லைப் பக்கமே போறதில்ல. இப்ப காசு குடுத்து வெங்காயம் நட்டேன்னு தெரிஞ்சா, வூட்டுல சேக்க மாட்டாரு.”

மங்கலம்பேட்டை பாய்

துபாயிலிருந்து லீவில் வந்த மங்கலம்பேட்டை பாய், மகளுக்காக ஒன்று வாங்கிப் போனார். அடுத்த வாரம் அவர் தலை தெரிந்ததும் நான் யானைக்குப் பின்னால் குனிந்தேன். சாண் உயர யானை அது. பாய் சிரித்துவிட்டார். “வெளிய வா தம்பி. எனக்கு விசா வாங்கிக் குடுத்த ஏஜென்டும் இப்பிடித்தான் வீடியோ காட்டுனான், கடல் தெரியற ரூமுன்னு. போய்ப் பாத்தா ஒரே ரூமுல பத்து பேரு. கடல் காலண்டர்ல இருந்துச்சு.”

யானையின் சொந்தக்காரர்

பீங்கான் பொம்மைப் பட்டறைக்காரர் ஒருத்தர் டிரெய்லர் முழுக்கக் கண்ணை எடுக்காமல் பார்த்தார். அவ்வளவுதான், விழுந்துட்டார் என்று நினைத்தேன். அவர் பார்த்தது டிராகனை இல்லை. “இது எங்க பட்டறை யானையில்ல?” என்று சட்டென்று தூக்கி, வெடிப்பு இருக்கிறதா என்று அடியைத் திருப்பிப் பார்த்தார். யானை நின்ற இடத்தில் எறும்பு வரி. எழுத்துக் கூட்டிப் படித்துவிட்டு அர்த்தம் கேட்டார். அந்த லீவிலேயே முதல் தடவையாக என் சொந்தக் குரலில் பதில் சொன்னேன்.

யானையைப் பத்திரமாகத் தள்ளி வைத்தார். “எங்க யானையும் அச்சுலேர்ந்து எடுக்கறப்ப பெருசாத்தான் தம்பி இருக்கும். சூளையில சுட்டா சுருங்கிப்போவும். ஆனா நாங்க சுட்டதுக்கப்புறந்தான் விக்கிறோம்.”

பெட்டி காலி

அவர் போனதும் யானையைப் பழையபடி நகர்த்தி வைத்தேன். மெஷின் ஆசை யாரை விட்டது? லீவு முடிவதற்குள் பெட்டி காலி. அண்ணன் மறுபேச்சு இல்லாமல் மெஷினைத் துணிப்பையில் போட்டுக் கொடுத்தார்.

தெருப் பசங்களை எல்லாம் வூட்டுக்குக் கூட்டி, “ஒரு மெஷின்... ஒரு கார்...” என்று அடித்தொண்டையில் ஆரம்பித்து சுவிட்சைப் போட்டேன். லைட்டே எரியலை. ஒயரை மாற்றினேன், தட்டினேன், ஊதினேன். ஒருத்தன் கேட்டான்: “ஏண்டா, இதுலயும் வெங்காயந்தானா?” கடைசியில் மெஷினைக் கவிழ்த்தேன். அடியில் ஒட்டிய துண்டுக் காகிதத்தில், அண்ணன் கையெழுத்தில், எறும்பு சைஸில் தமிழில்: ‘இது விளையாட்டுக் காட்சி அல்ல.’

அப்போதுதான் உறைத்தது. அந்தக் கார் தினமும் அதே வளைவில், அதே மாதிரி வழுக்கும். டிவிக்குப் பின்னால் எப்போதும் ஒரு பென் டிரைவ் இருந்தது; ஓடினது அதிலிருந்த வீடியோ. போன் போட்டேன். அந்தப் பக்கம் முதலில் ஒரு டிராகன் உறுமியது. அப்புறம் அச்சு அசல் என் குரலில் செல்வம் அண்ணன்: “ஒரு மெஷின்... ஒரு பென் டிரைவ்... ஒரே ஒரு ஏமாளி!”

ஊருக்கெல்லாம் யானை வைத்த எனக்கு, என் முன்னால் நின்ற யானையைத் தூக்கிப் பார்க்க மட்டும் தோணலை.