பெரட்டில் பெயர் கொடுத்தவர்கள்

ஈப்போவில் குகைக் கோயிலையும் வெள்ளைக் காப்பியையும் விட்டால் வேறு என்ன இருக்கிறது என்று போன பதிவின் கீழே மூன்று பேர் கேட்டிருந்தீர்கள். பழைய ரப்பர்த் தோட்டம் ஒன்றைப் பார்த்து எழுதிவிடலாம் என்று சென்ற சனிக்கிழமை கிளம்பினேன். இந்தப் பதிவு குழப்பமாக இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள், எனக்கே இன்னும் தெளியவில்லை.

கோலாலம்பூரில் காலை எட்டேகாலுக்கு ரயில். இரண்டரை மணி நேரம், நாற்பத்தாறு வெள்ளி, அதாவது ரிங்கிட். ஈப்போவில் வாடகைக் கார் ஓட்டும் மோகன் அண்ணே காத்திருந்தார். அரை நாளுக்கு நூற்றிருபது வெள்ளி. தோட்டம் இருபத்தெட்டு கிலோமீட்டர். அதன் பெயரை எழுத வேண்டாம் என்று அங்கே இருப்பவர்கள் கேட்டுக்கொண்டார்கள். ஊர் பெயர் இல்லாத பயணக் கட்டுரைக்காக நீங்கள் என்னைத் திட்டலாம்.

"அங்கதான் எங்க அக்கா செல்வி இருக்கு. வீட்ட காலி பண்ணச் சொல்லி லெட்டர் வந்திருச்சிலா" என்றார் அண்ணே.

ரப்பர் போய், எண்ணெய்க்கான செம்பனையும் போய், இப்போது மாடி வீடுகள் எழும்புகின்றன. வாசலில் தடுப்புக் கட்டை, காவலாளி, ஒரு நோட்டுப் புத்தகம். பெயர், ஐசி என்கிற அடையாள அட்டையின் எண், கைப்பேசி எண் எல்லாம் எழுதினால்தான் உள்ளே விடுவார்கள். மறுபேச்சில்லாமல் எழுதினேன். பின்பக்கம் தோட்டத் தொழிலாளர்களின் பதினெட்டு லயத்து வீடுகள் மிச்சமிருந்தன.

செல்வி அக்கா மைலோ கலக்கிக் கொடுத்துவிட்டு நடந்ததைச் சொன்னார். நிலத்தை ஒரு வீடமைப்பு நிறுவனம் வாங்கியிருக்கிறது. அரசாங்க அலுவலகத்தில் முறையிடப் போனால், இது தனியார் வியாபாரம், அரசாங்கம் தலையிடாது என்றார்களாம். சரி என்று லயத்துக்காரர்கள் மண்வாரி இயந்திரத்தின் முன்னால் போய் உட்கார்ந்தார்கள். பத்தே நிமிடத்தில் போலீஸ் வந்துவிட்டது.

"தலையிட மாட்டேன்னு சொன்ன கவர்மெண்டு எங்கேருந்து இவ்ளோ சீக்கிரம் வந்துச்சி?" என்று அக்கா என்னைக் கேட்டார். சந்தை திறந்தால் மற்ற சுதந்திரங்களின் கதவுகளும் தானாகத் திறக்கும் என்று பல்கலைக்கழகத்தில் பாடம் படித்தவன் நான். 

அவர்கள் உட்கார்ந்த இடம் பழைய பெரட்டுக்களம், ஆள் கணக்கெடுக்கும் திடல். அந்தக் காலத்தில் விடியும் முன்பே ஆட்கள் அங்கே வரிசையில் நிற்பார்கள். தோட்டத்துக் கணக்கரான கிராணி பெயர் கூப்பிடும்போது குரல் கொடுக்காதவருக்கு அன்றைய சம்பளம் இல்லை.

"போலீஸ்காரரு தாளோட வந்து பேரு என்னன்னாரு. பொசுக்குன்னு லைன்ல நின்னுட்டோம். நான் பக்கத்து வீட்டு மேரிக்கும் சேத்து குரல் குடுத்தேன். பெரட்டுல வராதவங்களுக்கு அப்படித்தானே செய்வோம்? மேரி அன்னிக்கு வேலைக்குப் போயிருந்திச்சி."

அந்தப் பட்டியலில் இருப்பவர்களுக்கு, தருவதாகச் சொல்லியிருந்த மாற்று வீடு கிடையாது என்று அடுத்த வாரமே நிறுவனத்தின் கடிதம் வந்தது. போலீஸ் எழுதிய பட்டியல் நிறுவனத்தின் கைக்கு எப்படிப் போனது? யாருக்கும் தெரியவில்லை. அக்கா அழுதது தன் வீட்டுக்காக அல்ல. "என் வாயால மேரி வீடும் போச்சி."

தான் அங்கே இல்லை என்று சொல்லிப் பெயரை எடுத்துவிட நான் போன அன்று காலைதான் மேரி அக்கா போலீஸ் நிலையம் போயிருந்தார். பன்னிரண்டரைக்கு மோட்டாரில் திரும்பினார். செல்வி அக்கா வாசலிலேயே நின்றார்.

"எடுத்தாங்களா?"

"அப்ப யாரு உன் பேரச் சொன்னதுன்னு கேட்டாங்க." மேரி அக்கா ஹெல்மெட்டைக் கழற்றினார். "நான்தான் நின்னேன்னு சொல்லிட்டு வந்துட்டேன். சோறு ஆக்கிட்டியா?"

 மோகன் அண்ணே காரைத் துடைக்கப் போய்விட்டார்.

இப்படி ஒரு தோட்டத்துக்குப் போக நினைப்பவர்களுக்கு: காலையிலேயே போங்கள், மதியத்துக்கு மேல் மழை. தண்ணீர் எடுத்துச் செல்லுங்கள். வாசலில் பெயர் கேட்பார்கள், கொடுப்பதும் கொடுக்காமல் திரும்புவதும் உங்கள் இஷ்டம். வெளியே வரும்போது, இந்தப் பட்டியல் யார் கைக்குப் போகுமோ, என் பெயரை அடித்துவிடச் சொல்லலாம் என்று அந்தப் புத்தகத்தைக் கையில் வாங்கினேன். மேரி அக்காவின் முகம் நினைவுக்கு வந்தது. வெளியேறிய நேரத்தை மட்டும் எழுதிவிட்டுக் காரில் ஏறினேன்.