ஒரு கதவுக்கு இரண்டு சீல்

வீட்டில் எல்லாருக்கும் அவள் சின்னவள். ஊருக்கு மீன் லாரி அக்கா. பாலத்துக்கு இந்தப் பக்கம், தனி ஆட்சி நடத்தும் அவளுடைய துறைமுக நகரம். அந்தப் பக்கம் பெரிய நாடு. அங்கேதான் அவளுடைய அக்காவைக் கட்டிய அத்தானின் மீன் கடை. இனிமேல் இரண்டும் ஒரே சந்தை என்று பெரிய மனிதர்கள் கைகுலுக்கிப் படம் எடுத்துக்கொண்டார்கள். நகரத்தில் சரக்கைச் சோதித்து லாரிக் கதவுக்கு சீல் வைத்துவிட்டால், அந்தப் பக்கம் திறந்து பார்க்க மாட்டார்களாம். கேட்க இனிப்பாகத்தான் இருந்தது.

திறந்து பார்க்கவில்லை, உண்மைதான். ஆனால் அந்தப் பக்கத்து அதிகாரி தன் சீலையும் வைத்தே தீருவேன் என்றார். லாரிக் கதவில் சீல் மாட்ட இருந்ததோ ஒரே வளையம்; அதில் நகரத்து சீல் கால்மேல் கால் போட்டு உட்கார்ந்திருந்தது. அதை வெட்டினால் சோதிக்காத சரக்காகிவிடும், மறுபடி வரிசையின் வால். இப்படியே இரண்டு லோடு நாறிப்போனது.

"இன்னொரு தடவை இப்படி ஆச்சுன்னா இங்கயே யார்கிட்டயாவது வாங்கிக்கறேம்மா. கோவிச்சுக்காதே," என்றார் அத்தான் போனில்.

"உங்கமேல கோவிச்சு என்ன பண்ண? கோவிச்சுக்க வேண்டியவங்க எல்லாம் படத்துல சிரிச்சுக்கிட்டு இருக்காங்க."

நேரே வெல்டிங் பட்டறைக்குப் போய்க் கதவில் இன்னொரு வளையம் வைத்தாள். "ஒத்தைக் கம்மல் ஜோடியாச்சு. கல்யாணம் எப்போ?" என்றார் பட்டறைக்காரர். அவளுக்குச் சிரிப்பு வரவில்லை.

மறுநாள் பாலத்தில் அதிகாரிக்கு முகமெல்லாம் பல். "பாத்தீங்களாம்மா? ஒத்துழைச்சா எல்லாம் நடக்கும்."

"ஆமா சார், இத்தனை நாளா மீனுதான் ஒத்துழைக்கல."

லாரி கடை வாசலில் நின்றது. கூடவே வந்த அந்தப் பக்கத்து ஊழியர் கட்டரை எடுத்துத் தங்கள் சீலை வெட்டினார். மற்றதைத் தொடவில்லை.

"இதையும் வெட்டுங்க சார்."

"அது உங்க ஊர் சீல். உங்க ஊர் ஆளுதான் வெட்டணும்."

"அவர் பாலம் தாண்டி வரமாட்டாரே!"

"அதுக்கு நான் என்னம்மா பண்ணட்டும்?"

கதவிடுக்கில் ஐஸ் உருகிச் சொட்டியது. மீன் வாங்க வரிசையில் நின்றவர்கள் முனகினார்கள். அத்தான் அவளை ஒரு பார்வை பார்த்தார்.

கட்டரை ஊழியர் கையிலிருந்து பிடுங்கினாள். "நான் எந்த ஊர் ஆளு சார்?"

அவர் வாய் திறப்பதற்குள் சீல் தரையில் விழுந்தது.

அத்தான் முதல் பெட்டி மீனின் செவுளைத் தூக்கிப் பார்த்தார். ரத்தச் சிவப்பு. "நாளைக்கும் அனுப்பு," என்றார். "கூடவே நீயும் வந்துடு. வெட்ட ஆள் வேணும்ல?"